பதினோராம் சீட்டின் நீல டிபன் பாக்ஸ்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டயர் கடைக்கு மேலே இரண்டு கதவுகள். இடப்பக்கம் பல் டாக்டர், வலப்பக்கம் 'நாராயணப்பன் துப்பறியும் நிறுவனம்'. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறவர்களில் பாதிப் பேர் வலப்பக்கக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று தொடங்குவார் நாராயணப்பன். அவர்கள் வாயைத் திறந்து காட்டியதும்தான் எழுந்து போய் இடப்பக்கக் கதவைக் கைகாட்டுவார்.

துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்பதைத் தவிர உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. "கார்டு பஞ்ச் பண்ணாதவன் கணக்குலயே இல்லாதவன்" என்பது அவராகவே உண்டாக்கிக்கொண்ட தத்துவம். ஒரு பெரிய பேரேடு வைத்திருந்தார். அதில் 'குற்றவாளியின் பெயர்' என்றொரு கட்டம். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. இரண்டு இடத்தில் 'பூனை' என்றும் ஓரிடத்தில் 'காற்று' என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் காலியாக விட்டதில்லை.

அவருடைய உதவியாளர் ஃபகருன்னிசா. வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வருடம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பொருள்களைப் பரிசோதித்து 'ரிஜெக்ட்' முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். ரிஜெக்ட் ஆனதையும் பாஸ் பண்ணச் சொன்ன மேலாளரின் மேசையில் அந்த முத்திரையையே குத்திவிட்டுப் போன வருடம் வெளியே வந்துவிட்டாள். முத்திரை போனாலும் கை நிற்கவில்லை. இப்போது மனிதர்களுக்குக் குத்துகிறாள்.

அன்று காலை பத்தேகாலுக்கு வந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓசூர் குளிர்ந்த ஊர் என்று நம்பிக் கோட்டுப் போடுகிறவர்கள் உண்டு. வெயில் காலத்திலும் நம்பிக்கையைக் கைவிடாதவர் இவர் ஒருவர்தான். பாகலூர் ரோடு முழுக்கப் பட்டமளிப்புத் தொப்பியோடு ஃபிளெக்ஸில் தொங்கும் 'இங்கிலீஷ் சக்கரவர்த்தி புரொஃபசர் லண்டன் மூர்த்தி'. லண்டனுக்கு அவர் போனதில்லை. லண்டனிலிருந்து யாரும் வந்து மறுக்காததால் பெயர் நின்றுவிட்டது.

"என் மூளையைத் திருடிட்டாங்க" என்றார் மூர்த்தி.

"எடை எவ்ளோ இருக்கும்ங்க சார்?" என்று வேர்க்கடலையை மென்றபடி கேட்டாள் ஃபகருன்னிசா. "புகார்ல எழுதணும், அதான்."

"நிஸா, சும்மா இரும்மா" என்றார் நாராயணப்பன். "நீங்க சொல்லுங்க புரொஃபசர்."

மூர்த்தி சொன்னார். அன்று மாலை நாலு மணிக்கு அவருடைய புத்தக வெளியீடு. 'மூர்த்தியின் மூவாயிரம் விடைகள்'. இங்கிலீஷில் ஒரு மாணவருக்கு வரக்கூடிய எந்தச் சந்தேகத்துக்கும், இலக்கணமோ, கடின வார்த்தையோ, அணியோ, இலக்கியமோ, அதில் விடை உண்டு. தலைமை விருந்தினர், ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் தமிழ்செல்வி. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பட்டப்படிப்பு படிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மேனேஜர் ஒருமுறை தலையசைத்தால் அத்தனை பேரும் மூர்த்தியின் மாணவிகள்.

"ஆனா பாருங்க" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்துப் போட்டார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். முன்பக்கம் ராசிபலன். பின்பக்கம் நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில், எளிமையான இங்கிலீஷ். "என் புத்தகத்துல இருக்கிற விடை அப்பிடியே இதுல இருக்கு. வரிக்கு வரி! புத்தகம் வரதுக்கு முன்னாடியே யாரோ திருடி அந்தக் கம்பெனிப் பொண்ணுங்களுக்குச் சும்மா குடுத்துட்டு இருக்கான். இதை சௌமியான்னு ஒரு பொண்ணுகிட்ட புடிச்சன். யார் குடுத்தான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

நாராயணப்பன் ஒரு தாளை எடுத்துப் படித்தார். தமிழில் சொன்னால் இப்படி:

'சூப்பர்வைசர் சிசிடிவி மாதிரி என்றால் உவமை. சூப்பர்வைசரே சிசிடிவி என்றால் உருவகம். இரண்டிலும் தூங்க முடியாது.'

"இது உங்க மூளையா?" என்றாள் ஃபகருன்னிசா, முதல்முறையாக மரியாதையோடு.

"எல்லாம் என்னுது. ஒவ்வொரு எழுத்தும். இதைக் கேளுங்க" என்று எழுந்து நின்றார் மூர்த்தி. அச்சான புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். "முரண் அணியைப் பத்தி எழுதிட்டு வந்தன். எழுதி முடிச்சதும் என்னையே அறியாம ஒரு உரைநடைக் கவிதை வந்து விழுந்துச்சு." கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். அதன் பொருள் இதுதான்:

'பதினோராம் சீட்டின் அடியில் நீல டிபன் பாக்ஸை விட்டுச் சென்றவரே, சாம்பார் ஊசிவிட்டது. இன்றே எடுத்துக்கொள்ளவும்.'

ஃபகருன்னிசாவின் வாயில் வேர்க்கடலை அப்படியே நின்றது.

"நீலம்னா தனிமை" என்று விளக்கினார் மூர்த்தி. "பதினொண்ணு பாருங்க, ரெண்டு ஒண்ணு பக்கத்துல பக்கத்துல நின்னாலும் ஒட்டறதில்ல. அதுதான் இன்னைக்குக் குடும்பம். சீட்டுன்னா சிம்மாசனம். சாம்பார்னா நம்ம நாகரிகம். ஊசிப் போச்சு! என் மாணவர்கள் இருநூறு பேருக்கும் இதை மனப்பாடம் பண்ண வெச்சிருக்கன்."

நாராயணப்பன் அதைப் பேரேட்டில் குறித்துக்கொண்டார். சாம்பாரை அவர் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. ஃபகருன்னிசா ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் அவள் ஒரு நிமிடம் முழுதாகப் பேசாமல் இருந்தது அன்றுதான். அதைக் கவனித்திருந்தால் நாராயணப்பன் உண்மையிலேயே துப்பறிவாளர்.

"நாலு மணிக்கு எனக்குப் பேர் வேணும்" என்றார் மூர்த்தி. "மேடையிலேயே மேனேஜர் அம்மா காதுல போட்டுடுவன். கம்பெனிக்குள்ள இருக்கிற ஆளா இருந்தா, அவன் வேலை அப்பவே காலி."

"பேர்தானே?" என்று பேரேட்டைத் தட்டினார் நாராயணப்பன். "நம்ம கட்டம் காலியா இருந்ததே இல்லை."

சௌமியா மதிய ஷிஃப்ட். வேலைக்குப் போகுமுன் பழைய பெங்களூர் ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்தார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண். ஃபகருன்னிசா முன்பு வேலை பார்த்த அதே கம்பெனி. நாராயணப்பன் எதிரே உட்கார்ந்து, டைம் ஆபீஸில் லேட்டாக வந்தவர்களைப் பார்க்கும் அதே பார்வையைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க சார்" என்றாள் சௌமியா.

"சந்தேகம் கேட்டா எத்தனை நேரத்துல பதில் வருது? அதையாவது சொல்லு."

"காலை ஷிஃப்ட்காரங்க வெச்சா மதியம் வந்துடும். மதியம் வெச்சா ராத்திரி. ராத்திரி வெச்சா காலையில." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'வெச்சா' என்று சொல்லியிருக்கக் கூடாது.

நாராயணப்பன் கண் மின்னியது. "எங்க வெச்சா?"

சௌமியா டீ கிளாஸுக்குள் பார்த்தாள். அப்போது ஃபகருன்னிசா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். பெண் நிமிர்ந்து, ஃபகருன்னிசாவை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"பதினாலாம் நம்பர் கம்பெனி பஸ். பதினோராம் சீட். பின்பக்கம் ரெக்ஸின் கிழிஞ்சி பை மாதிரி இருக்கும்."

வெளியே வந்ததும் நாராயணப்பன் பெருமூச்சு விட்டார். "பார்த்தியா என் பார்வையை? கல்லும் கரையும்."

"ஆமாங்க சார். எனக்கே கை கால் நடுங்குச்சு."

"இப்ப கேளு. மூணு ஷிஃப்ட்டுக்கும் பதில் வருது. ஒரு மனுஷன் ஒரு நாள்ல மூணு ஷிஃப்ட் பார்க்க முடியாது. நான் இருபத்திரண்டு வருஷத்துல பார்த்ததில்லை. அப்ப இது மூணு பேர் சேர்ந்த கும்பல். கையெழுத்து ஒண்ணா இருக்கே, அதுக்குத்தான் பயிற்சி எடுத்திருக்காங்க. ரெண்டாவது, காலண்டர்ல தக்காளி மண்டி பேரு இருக்கு பாரு, ராயக்கோட்டை. தலைவன் தக்காளி வியாபாரி!"

"அந்த மண்டிக் காலண்டர் ஓசூர்ல பாதி வீட்டுல தொங்குதுங்க சார். எங்க வீட்டுலயும் இருக்கு."

"அப்ப பெரிய கும்பல்" என்றார் நாராயணப்பன்.

மதியம் ஒரு மணிக்குப் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். பழைய ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யார் ஏறினாலும் யாரும் கேட்பதில்லை என்பதை டைம் ஆபீஸ் ஆட்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. டிரைவர் சீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஆள், மணிவேல். ஃபகருன்னிசாவைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "என்ன மேடம், திரும்பி வந்துட்டீங்களா?" அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"தெரிஞ்சவரா?" என்றார் நாராயணப்பன்.

"பன்னெண்டு வருஷம் இதே பஸ்ஸுல வந்தவ சார் நான். சீட்டுக் கம்பிக்கே என்னைத் தெரியும்."

டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. நாராயணப்பன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. அன்று பதினேழாம் தேதி. காலண்டர் இருபத்தாறு என்றது.

"தேதி தப்பா இருக்கேப்பா" என்றார் கண்டிப்பாக.

"கொஞ்சம் முன்னாடி போயிட்டன் சார்" என்றார் மணிவேல் பணிவாக.

'டிரைவர் கவனக்குறைவானவர்' என்று நோட்டில் குறித்துக்கொண்டு பன்னிரண்டாம் சீட்டில் போய் உட்கார்ந்தார் நாராயணப்பன்.

பதினோராம் சீட்டின் முதுகு அவர் முழங்காலுக்கு நேரே இருந்தது. வலை அங்கேதான் விரிக்கப்பட்டது. ஒரு மாணவி கேட்பது போல ஒரு கேள்வியை அவர் தமிழில் சொல்ல, ஃபகருன்னிசா இங்கிலீஷில் எழுதினாள்: 'கதைகளில் வில்லன் கடைசியில் எப்படி மாட்டிக்கொள்கிறான்? உதாரணத்துடன் விளக்குக.' காகிதத்தைக் கிழிசலில் செருகினார்கள்.

பஸ் கிளம்பியது. ஊரைத் தாண்டியதும் எதிரே தக்காளி லாரிகள் வரிசையாக வந்தன. பஸ் முழுக்கப் பெண்கள். கன்னடத்தில் போன் பேசுகிறவள், தெலுங்கில் சண்டை போடுகிறவள், தர்மபுரித் தமிழில் தூங்குகிறவள். நாராயணப்பன் கண் இமைக்காமல் கிழிசலையே பார்த்தார். தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து யானை இறங்கி வந்து பஸ்ஸை மறித்திருந்தாலும் அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். ஒரு கைகூட அதில் நுழையவில்லை.

கம்பெனி வாசலில் பஸ் நின்றது. நாராயணப்பன் முதல் ஆளாகக் கீழே இறங்கி வாசலருகே நின்றுகொண்டு எண்ணினார். நாற்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு கையாகப் பார்த்தார். ஒருத்தி கையிலும் அந்தக் காகிதம் இல்லை. கும்பல் பஸ்ஸுக்குள் ஒளிந்திருக்கலாம் என்று தோன்றவே, மண்டியிட்டு அடியில் பார்த்தார். ஒரு நாய் இருந்தது. அதுவும் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. சுற்றி வந்து டிக்கியைத் திறந்து பார்த்தார். ஸ்டெப்னி. பிறகு மேலே ஏறினார்.

பஸ் காலி. டிரைவர் மட்டும் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து என்ஜின் மூடிமேல் ஃபகருன்னிசா சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கிழிசலில் கையை விட்டார். அவர் வைத்த காகிதம் இல்லை. ஒரு காலண்டர் தாள் இருந்தது. அதில் இருபத்தாறாம் தேதி.

"நிஸா! படி, படி!"

அவள் வாங்கித் தமிழில் சொன்னாள். "'வில்லனை யாரும் பிடிப்பதில்லை. தன் பெருமையைத் தானே பேசத் தொடங்குகிறான். அவன் வாயே அவனைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடும். ஆகவே கதை எழுதுகிறவர் செய்ய வேண்டியது, அவனைப் பேசவிடுவது.' கீழ இன்னொண்ணு இருக்குங்க சார். 'பன்னிரண்டாம் சீட்டில் வந்த புதிய பயணிக்கு: ஐ.டி. கார்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.'"

நாராயணப்பன் குனிந்து பார்த்தார். அவருடைய போட்டோ தலைகீழாகத் தொங்கியது.

இதைப் பார்த்தவன் யார்? முன்னால் நிமிர்ந்தார். பெரிய கண்ணாடி. பஸ்ஸின் ஒவ்வொரு சீட்டும் அதில் தெரிந்தது. அதற்குள் இரண்டு கண்கள், வருத்தத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே காலண்டர். இப்போது இருபத்தேழு.

"மூணு ஷிஃப்ட்டும் வர்ற ஆளு…" என்று இழுத்தார் நாராயணப்பன்.

"டிரைவருங்க சார்" என்றாள் ஃபகருன்னிசா. "விடிய ஒரு டிரிப், மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நடுவுல பஸ்ஸுலயே படுத்துக்குவாரு. நாற்பத்தெட்டு பேரை எண்ணினீங்களே, ஓட்டினவரை எண்ணினீங்களா?"

"அவருக்குப் பஞ்ச் கார்டு கிடையாதே!"

"அதான் உங்க கணக்குல அவரு பொறக்கவே இல்லை."

நாராயணப்பன் மெல்லப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கியில், தேய்த்துக் கழுவிய நீல டிபன் பாக்ஸ் ஒன்று தொங்கியது. மேலே ஒரு காலண்டர் தாள்: 'உரியவர் பெற்றுக்கொள்ளவும்.'

நாகரிகம் ஊசிப்போன கதை அவருக்கு மெல்லப் புரிந்தது.

மணிவேல் சுற்றி வளைக்கவில்லை. "எம்.ஏ. இங்கிலீஷ்ங்க சார். தபால்லதான் படிச்சன். வாத்தியார் வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்தன், வரல. வண்டி ஓட்டத் தெரிஞ்சிருந்துச்சு. ஒருநாள் ஒரு பொண்ணு கேள்வித்தாளை விட்டுட்டுப் போயிட்டா. பதிலை எழுதிச் செருகி வெச்சன். அப்புறம் தினம் வர ஆரம்பிச்சிடுச்சு. பஸ்ஸுல சாமான் விட்டுட்டுப் போறாங்கள்ல, அந்தத் தகவலையும் அதே தாள்லயே எழுதிடுவன். வேற தாள் இல்லீங்க, தேதியே பத்த மாட்டேங்குது."

"அதையும் சேர்த்துப் புத்தகமா அடிச்சிருக்காரு லண்டன்" என்றாள் ஃபகருன்னிசா. "தாளை வெச்சிருந்த பொண்ணுங்ககிட்ட வாங்கி, எது பாடம் எது அறிவிப்புன்னு தெரியாம அப்பிடியே!"

"நீங்க தைரியமா வந்து நான்தான் எழுதினேன்னு சொல்லலாமே?" என்றார் நாராயணப்பன்.

மணிவேல் சிரித்தார். சிரிப்பில் சத்தமே வரவில்லை. "டிரைவரு பொண்ணுங்க சீட்டுல லெட்டர் வெச்சான். அவ்ளோதாங்க சார் வெளியில வரும். உவமையா உருவகமான்னு யாரு பிரிச்சிப் படிப்பாங்க? கான்ட்ராக்ட் வண்டி. அன்னைக்கே சாவியைப் புடுங்கிடுவாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. அதுங்க காதுல விழுந்தா?"

கம்பெனி சைரன் ஊதியது. காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நேரே விழா நடக்கும் மகாலுக்குப் போக வேண்டும், மேனேஜரின் உத்தரவு. அதாவது லண்டன் மூர்த்தியின் மேடைக்குக் கூட்டத்தை ஏற்றிப்போவதே மணிவேல்தான்.

நாராயணப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து பேரேட்டை நினைத்தார். ஐந்து வருடம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. வாக்கு வேறு கொடுத்தாகிவிட்டது. பெயர் கையில் இருக்கிறது; சொன்னால் ஒரு மனிதன் போய்விடுவான். அவர் கையிலிருந்த இருபத்தாறாம் தேதியை மறுபடி பார்த்தார்.

"நிஸா, இதுல என்ன போட்டிருக்கு? வில்லனை என்ன பண்ணணும்?"

"பேசவிடணும்ங்க சார்."

"நல்ல வாத்தியார்" என்றார் நாராயணப்பன், ஐ.டி. கார்டை நேராக்கிக்கொண்டே.

மகாலில் மூர்த்தியின் முகம் இல்லாத சுவர் இல்லை. கை கழுவும் இடத்தில்கூட இருந்தார். நடுமேடையில் தமிழ்செல்வி, ஐம்பது வயது, மூன்று பொன்னாடைகளுக்குள் வியர்த்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தபடி இருந்தார். பின்வரிசையில் பதினாலாம் நம்பர் பஸ் பெண்கள். அவர்களுக்கும் பின்னால் தூணோடு தூணாக மணிவேல்.

"இப்பொழுது" என்று மைக்கில் முழங்கினார் மூர்த்தி, "என் அறிவுச் சொத்தைத் திருடி, உங்கள் கம்பெனிப் பெண்களுக்குக் கள்ளத்தனமாகக் கொடுத்தவனின் பெயரை, துப்பறியும் நிபுணர் நாராயணப்பன் அறிவிப்பார்!"

நாராயணப்பன் மேடையேறினார். தூணருகே ஒரு முகம் வெளுத்தது.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உறுதிமொழி புரொஃபசர்" என்றார். "காலண்டர் தாள்ல இருக்கிற இந்த விடைகளை முதல்ல எழுதினது நீங்கதானே? சந்தேகம் இல்லையே?"

"ஒவ்வொரு எழுத்தும்!"

"நாற்பத்தேழாம் பக்கம் நீல டிபன் பாக்ஸும்?"

"அது என் உயிர்!" மூர்த்தி மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடினார். முதலில் இங்கிலீஷில் சொன்னார். பிறகு நீலத்துக்கு வந்தார். தனிமைக்கு வந்தார். பதினொன்று ஏன் ஒட்டவில்லை என்று விளக்கினார். சாம்பாரைத் தொடும்போது பின்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். நாகரிகம் ஊசிப்போனபோது வரிசையே குலுங்கியது. அந்த பஸ்ஸில் வருகிற ஒவ்வொருத்திக்கும் அந்த டப்பாவைத் தெரியும். போன வருடத்திலிருந்து கண் முன்னால் ஆடிக்கொண்டு வருகிறது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்றார் தமிழ்செல்வி.

ஃபகருன்னிசா மேடையேறி, டிபன் பாக்ஸை மேனேஜர் முன்னால் வைத்தாள். "இதாங்க மேடம் அந்தத் தனிமை. உங்க பதினாலாம் நம்பர் பஸ்ஸுல, பதினோராம் சீட்டுக்குக் கீழ கிடந்துச்சு. அதைப் பத்தின அறிவிப்புதான் புரொஃபசர் இப்ப சொன்னது."

மூர்த்தியின் கண் திறந்தது. ஆனால் வாய் மூடவில்லை.

"மேடம்" என்றார் நாராயணப்பன், மூர்த்தி கொடுத்த காலண்டர் தாள்களை மேசையில் போட்டபடி, டைம் ஆபீஸ் குரலில். "உங்க பஸ்ஸுல, பொண்ணுங்க உட்கார்ற சீட்டுக்குப் பின்னாடி, மூணு ஷிஃப்ட்டும் ஒரு ஆம்பளை காகிதம் எழுதி வெச்சிருக்கார். அது யார்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சிட்டன். இதோ, இந்தத் தாளை எழுதினவர் யாருன்னு இவரே முந்நூறு பேர் முன்னாடி மைக்குல சொல்லிட்டார்."

தமிழ்செல்வி மூன்று பொன்னாடையோடும் எழுந்தார்.

"புரொஃபசர்! எங்க கம்பெனி பஸ்ல ஏறி, எங்க பொண்ணுங்க சீட்டுல லெட்டர் வெச்சது நீங்களா?"

"மேடம், அது வந்து…"

"ராத்திரி ஷிஃப்ட்லயுமா?"

மூர்த்தி கோட்டுக்குள் சுருங்கினார். மைக் மட்டும் வாயருகே அப்படியே இருந்தது. அதனால் அவர் அடுத்துச் சொன்னது மகால் வாசலில் வண்டி நிறுத்தியிருந்த ஐஸ்கிரீம்காரர் வரைக்கும் கேட்டது.

"ஐயோ, நான் இல்லீங்க! சத்தியமா இதுல ஒரு வரிகூட நான் எழுதல! எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் வராதுங்க மேடம்!"

பின்வரிசைப் பெண்கள் கைதட்டத் தொடங்க, மூர்த்தியிடம் மனப்பாடம் செய்த இருநூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பழக்கதோஷத்தில் மூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அப்ப யார்தான் எழுதினது?" என்று நாராயணப்பனிடம் திரும்பினார் தமிழ்செல்வி.

நாராயணப்பன் தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்த பெயரை விழுங்கினார்.

"அது என் கேஸ் இல்லைங்க மேடம். புரொஃபசரோட சொத்தைத் திருடினவனைக் கண்டுபிடிக்கறதுதான் கேஸ். சொத்தே அவருது இல்லைன்னு அவரே சொல்லிட்டார். திருட்டும் இல்லை, திருடனும் இல்லை."

தமிழ்செல்வி மேசையில் கிடந்த காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சூப்பர்வைசர் சிசிடிவி இடத்தில் அவர் உதடு கொஞ்சம் கோணியது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என் பையன் பன்னெண்டாவது படிக்கிறான். அவனுக்கும் இந்த உருவகம்லாம் வரவே மாட்டேங்குது. சந்தேகத்தை எந்த சீட்டுல வைக்கணும்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு" என்றாள் ஃபகருன்னிசா.

ஆறு மணிக்கு டயர் கடை மாடியில் நாராயணப்பன் பேரேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். வழக்கு எழுதினார். 'குற்றவாளியின் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மணிவேல் என்று எழுத முடியாது. மூர்த்தி என்றும் எழுத முடியாது. எழுதவே இல்லை என்று சத்தியம் செய்தவர். கட்டம் வெள்ளையாக அவரைப் பார்த்தது.

"அந்த டப்பாவை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?" என்று எரிந்து விழுந்தார். "உரியவர்கிட்ட குடுக்கணும்னு எழுதியிருக்கில்ல?"

"குடுத்தாச்சுங்க சார்."

அவள் மூடியைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து: 'ஃபகரு, கியூ.சி.'

நாராயணப்பன் எழுந்து நின்றுவிட்டார். "உன்னுதா?"

"வேலையை விட்ட அன்னைக்குக் கோவத்துல சீட்டுக்கு அடியிலயே விட்டுட்டு இறங்கிட்டன். அந்த பஸ்ஸுல எது காணாமப் போனாலும் அறிவிப்பு எழுதறது மணிவேலண்ணன்தான். அவருக்கு நான் வெறும் மேடம், பேரு தெரியாது. காலையில மூர்த்தி படிச்சாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு, எந்த பஸ்ஸு, எந்த ஆளுன்னு. சௌமியா காதுலயும் டப்பா என்னுதுன்னுதான் சொன்னன்."

"பத்தேகாலுக்கேவா? என்னை மண்டி போட வெச்சு, நாயோட மூஞ்சியைப் பார்க்க வெச்சு… ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா பத்தரைக்கே பேரை மூர்த்தி கையில குடுத்திருப்பீங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாதே. நீங்க அந்த அண்ணன் மூஞ்சியை ஒருதரம் பார்க்கணும்னுதான் பஸ்ஸுல ஏத்தினன்."

கதவை யாரோ தட்டினார்கள். கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர். "இடப்பக்கக் கதவு" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"ஆனா ஒண்ணுங்க சார்" என்றாள் ஃபகருன்னிசா, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டே. "மணிவேலண்ணன் எழுதினதுல ஒரே ஒரு தப்பு இருக்கு. மூர்த்தியோட நாகரிகமே அதுமேலதான் நிக்குது."

"என்ன தப்பு?"

"அது சாம்பாரே இல்லை. எங்க வீட்டுப் பிரியாணிக்கு ஊத்திக்கற தால்ச்சா."

நாராயணப்பன் உட்கார்ந்து, பேனாவை உதறி, காலியாக இருந்த கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'தால்ச்சா.'